சாகாமை தேடியோரின் பூசல்: உறைகாப்புச் சங்கங்களின் அறுபதாண்டு வரலாறு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு ஓரத்தில், ஏரியும் கடலும் கைகோக்கும் பழவேற்காட்டில், டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் ஒன்று உள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நின்று வருவோரை எதிர்கொள்கின்றன. உள்ளே பெயரும் ஆண்டும் மரபுச் சின்னமும் ஆழச் செதுக்கிய பெரும் பலகைக் கற்கள் கிடக்கின்றன. 1613இல் இவ்வூரில் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1799ஆம் ஆண்டின் இறுதியோடு இல்லாமற் போயிற்று. ஊரும் 1825இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. ஆங்கிலேயரும் போயினர். இன்று அக்கல்லறைகளைப் பேணுவது இந்தியத் தொல்லியல் துறை. புதைத்தவர் ஒருவர், காப்பவர் வேறொருவர்.

கல்லுக்குக் காவல் மிகுதியாக வேண்டியதில்லை. முள்ளை வெட்டி மதிலைச் செப்பனிட்டால் போதும். நூறாண்டு மறந்திருந்தாலும் கல் பொறுத்துக்கொள்ளும். ஆனால், சில வாரங்கள் மறந்தாலும் அழிந்துபோகும் ஒன்றை நூற்றாண்டுக் கணக்கில் காப்பதென்று சிலர் கூடி உறுதி பூண்டால் அவர்தம் சங்கம் எத்தகையதாக இருக்க வேண்டும்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் அத்தகையோர் தோன்றினர். இறந்தோர் உடலைக் கடுங்குளிரில் உறையவைத்து, எதிர்கால மருத்துவம் வந்து எழுப்பும்வரை காப்பது அவர்தம் நோக்கம். ஆங்கிலத்தில் 'கிரையோனிக்ஸ்' என்பர். தமிழில் உறைகாப்பு எனலாம். சாவையே எதிரியாகக் கொண்டு திரண்ட அம்மக்கள், அறுபது ஆண்டுகளாகத் தமக்குள்ளும் ஓயாது பூசலிட்டு வந்துள்ளனர். அப்பூசலின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

உடலும் காவலும்: நம் மரபு

உடலை விட்டுச் சென்று மீண்டும் வந்து புகுதல் என்னும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. கூடுவிட்டுக் கூடு பாய்தலைச் சித்தர் மரபு ஒரு சித்தியாகவே எண்ணி வந்தது. அம்மரபின் கதைகளில் பலரும் ஊன்றி நோக்காத ஓர் இடம் உண்டு. விட்டுச் சென்ற உடலைக் காப்பது யார் என்பதே அது.

திருமூலர் கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயர் தீர்க்க யோகியார் தம் உடலை ஓரிடத்தில் காவல்படுத்திவிட்டு மூலன் உடலில் புகுகிறார். பசுக்களை ஊர் சேர்த்துத் திரும்பி வந்து பார்க்கையில், வைத்த உடல் வைத்த இடத்தில் இல்லை. இறைவன் அதனை மறைத்தான் என்று புராணம் அமைதி கூறும். சங்கரர் கதையிலும் இதே இடர் உண்டு. அவர் அமருக மன்னன் உடலில் புகுந்திருக்கையில், சீடர் குகையில் அமர்ந்து குருவின் உடலைக் காக்கின்றனர். மன்னன் மாறிவிட்டதை உய்த்துணர்ந்த அமைச்சரோ, நாட்டில் கிடக்கும் உயிரற்ற உடல்களை எல்லாம் எரித்துவிடுமாறு ஆணையிடுகின்றனர்.

இக்கதைகளில் புகுந்தவர் மீள்வதற்கு அவர்தம் யோக வலிமை மட்டும் போதவில்லை. புறத்தே உடலைக் காத்து நிற்கும் மனிதரின் உறுதியும் வேண்டியிருந்தது. உறைகாப்பின் வரலாற்றைப் படிப்போருக்கு இவ்வுண்மை பக்கந்தோறும் எதிர்ப்படும்.

குளிரின் இயல்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தை அறிந்தோருக்குத் திரவ வாயு ஏற்றிச் செல்லும் டாங்கர் லாரி வியப்பளிக்காது. சுற்றியுள்ள சிற்றூர்களில் மாடு வளர்ப்போருக்கும் திரவ நைட்ரஜன் அறிமுகமானதே. சினை ஊசி போட வரும் கால்நடைத் துறையினர் உறைவிந்துக் குழல்களை வெண்புகை எழும் கலத்திலிருந்துதான் எடுக்கின்றனர். அக்கலத்தினுள் இருக்கும் குளிர், சுழிக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். அந்நிலையில் உயிரணுவின் வேதி வினைகள் ஏறத்தாழ நின்றுவிடுகின்றன. இறந்துபோன காளையின் விந்து பல்லாண்டு கழித்தும் கன்று ஈனச் செய்கிறது.

விந்தணுவையும் கருமுட்டையையும் காக்க முடிகின்றபோது முழு மனிதனை ஏன் காக்க இயலாது என்பது உறைகாப்பாளர் வினா. அறிவியலின் விடை இன்றளவும் எச்சரிக்கையானதே. நுண்ணிய அணுவிற்கு இயல்வது பெரிய உறுப்புக்கு எளிதில் இயல்வதில்லை. உறைகையில் தோன்றும் பனிப்படிகங்கள் திசுக்களைச் சிதைக்கின்றன. பனிப்படிகம் தோன்றாமல் கண்ணாடிபோல் இறுகச் செய்யும் முறை பிற்காலத்தில் வளர்ந்தது. 2023இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர், அவ்வாறு 100 நாள் வரை காக்கப்பட்ட எலியின் சிறுநீரகத்தை மீண்டும் வேறோர் எலிக்குப் பொருத்தி இயங்கச் செய்தனர். ஆயினும் முழு மனித உடல் எதுவும் இந்நிலையிலிருந்து எழுந்ததில்லை. பாலூட்டி விலங்கு எதுவும் எழுந்ததில்லை.

குளிர்க்கலத்திற்கு மின்சாரம் வேண்டாம். 1892இல் ஜேம்ஸ் டியூவர் கண்ட இரட்டைச் சுவர்க் கலத்தின் பெரிய வடிவமே அது. வீட்டில் காப்பி ஊற்றிவைக்கும் பிளாஸ்க்கின் உறவினன். அதிலுள்ள நைட்ரஜன் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். குறித்த இடைவெளியில் ஊற்றி நிரப்ப வேண்டும். நிரப்ப ஒருவர் வேண்டும். அவருக்குக் கூலி வேண்டும். நைட்ரஜனுக்கு விலை வேண்டும். இவையனைத்தும் தளர்வின்றித் தொடர ஓர் அமைப்பு வேண்டும். குளிர் என்பது இயற்கை. காவல் என்பது அமைப்பு. பூசல் புகுந்தது இந்த இரண்டாவது இடத்தில்தான்.

இரு நூல்கள், இரு மனிதர்

1962ஆம் ஆண்டில் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே கருத்தை நூலாக எழுதித் தாமே வெளியிட்டனர். ஒருவர் மிச்சிகன் மாநிலத்தில் இயற்பியல் கற்பித்த ராபர்ட் எட்டிங்கர். மற்றவர் இவான் கூப்பர். தம் நூலைப் புனைபெயரில் வெளியிட்டவர். எட்டிங்கரின் நூலை 1964இல் பெரிய பதிப்பகம் ஒன்று வெளியிட, புகழ் அவரைச் சேர்ந்தது. உறைகாப்பின் தந்தை என்று அவரையே உலகம் அழைக்கிறது.

கருத்தைச் சங்கமாக்கியவர் கூப்பர். வாஷிங்டன் நகரில் 'ஆயுள் நீட்டிப்புச் சங்கம்' என்ற முதல் அமைப்பை 1963இன் இறுதியில் அவர் தொடங்கினார். அதன் இதழின் பெயர் மூன்று ஏவற்சொற்களால் ஆனது: உறையவை, காத்திரு, உயிர்ப்பி. இம்மூன்றில் முதலாவதை மருத்துவரும் பொறியாளரும் செய்யலாம். மூன்றாவது எதிர்காலத்தின் பணி. நடுவிலுள்ள 'காத்திரு' மட்டுமே சங்கத்தாரின் பணி. தமிழில் அச்சொல்லைப் பிரித்தால் 'காத்து இரு' என வரும். ஒன்றைக் காத்தவாறு இருத்தல்தான் காத்திருத்தல். ஆங்கிலத்தில் அவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கவில்லை. அவர்தம் சங்கங்களிலும் அவை நெடுங்காலம் ஒன்றுபடவில்லை.

முதற்பிளவு விரைவில் வந்தது. கூப்பர் தளர்ந்த வலைபோன்ற அமைப்பை விரும்பினார். செய்தி பரப்புதலே முதற்கடன் என்று கருதினார். நியூயார்க்கிலிருந்த கர்ட்டிஸ் ஹென்டர்சன், சால் கென்ட், கார்ல் வெர்னர் முதலியோருக்கு அது போதவில்லை. கலமும் கருவியும் கொண்டு செயலில் இறங்க வேண்டும் என்றனர். 1965இல் நியூயார்க்கில் தனிச் சங்கம் பிறந்தது. 'கிரையோனிக்ஸ்' என்ற சொல்லையே வெர்னர்தான் அப்போது ஆக்கினார். 1966இல் மிச்சிகனிலும் கலிபோர்னியாவிலும் அதே பெயர்ச் சங்கங்கள் எழுந்தன. கூப்பர் அப்பதின்மம் முடியுமுன் மனம் தளர்ந்து விலகிவிட்டார். 1980களின் தொடக்கத்தில் அவர் கடலில் படகோடு காணாமற் போனார். உறைகாப்புக்கு முதற்சங்கம் கண்டவரின் உடல் உறைகாப்புக்குக் கிட்டவில்லை. திருமூலரின் மறைந்த உடலை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலாது.

முதல் உடலும் அதன் அலைச்சலும்

1967 ஜனவரி 12 அன்று கலிபோர்னியாவின் கிளென்டேலில், உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்போர்ட் தம் 73ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தார். கலிபோர்னியாச் சங்கத் தலைவர் ராபர்ட் நெல்சனும் துணைவர் இருவரும் அவர் உடலை உறையவைத்தனர். நெல்சன் தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவர். மருத்துவப் பயிற்சி இல்லாதவர். முறையோ செப்பமற்றது. ஆயினும் வரலாற்றில் முதல் உறைகாப்பு அதுவே.

பெட்போர்டின் உடல் அதன்பின் கண்ட ஊர்களைக் கணக்கிட்டால் வாழ்வில் அவர் கண்டவற்றுக்குக் குறையாது எனலாம். முதலில் அரிசோனாவில் ஒரு நிறுவனம். 1969இல் கலிபோர்னியாவில் மற்றொன்று. 1976இல் டிரான்ஸ் டைம் என்ற வேறொன்று. இதற்கிடையே உறவினர் வழக்குத் தொடுத்தனர். ஆராய்ச்சிக்கென அவர் ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி வழக்குச் செலவில் கரைந்தது. 1977இல் அவர் மகன் உடலைத் தாமே பெற்றுக்கொண்டு, வாடகைக் கிடங்கொன்றில் வைத்து, 1982வரை நைட்ரஜன் நிரப்பிக் காத்தார். பின்னரே அது ஆல்கோர் என்ற அமைப்பின் காவலில் சேர்ந்தது. 1991இல் புதிய கலத்திற்கு மாற்றியபோது உடலைப் பார்த்த ஆல்கோர் அமைப்பினர், அது இடையில் உருகியதற்கான அடையாளம் காணவில்லை என்று பதிவு செய்தனர்.

அக்காலத்தில், 1974க்கு முன் உறையவைக்கப்பட்டோருள் இன்றுவரை எஞ்சியிருப்பவர் பெட்போர்ட் ஒருவரே. சங்கங்கள் மாறின, கலங்கள் மாறின, நடுவில் சங்கம் எதுவும் இல்லாத ஆண்டுகளும் வந்தன. அவ்வாண்டுகளைக் கடத்தியது ஒரு குடும்பத்தின் பிடிவாதம்.

சாட்ஸ்வொர்த் நிலவறை

எஞ்சாதோரின் கதை கொடிது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரையடுத்த சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்தில், 1970ஆம் ஆண்டளவில் நெல்சன் ஒரு நிலவறையை அமைத்து உடல்களை வைத்தார். பணம் செலுத்துவதாக வாக்களித்த உறவினர் சிலர் காலப்போக்கில் நிறுத்தினர். ஒருவருக்கென அமைந்த கலத்தில் பலரை வைக்க நேர்ந்தது. குழாயும் இறைப்பானும் பழுதுபட்டன. நெல்சன் தம் கைப்பணத்தையும் செலவிட்டார் என்பது உண்மை. கலங்கள் வறண்டதைச் சில குடும்பங்களுக்கு உரைக்கவில்லை என்பதும் உண்மை. 1979இல் நிலவறையின் நிலை வெளிப்பட்டது. ஒன்பது உடல்கள் அழிந்திருந்தன. அவற்றுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலும் ஒன்று. 1981இல் நீதிமன்றம் நெல்சனுக்கும் சவச்சடங்கு நிறுவனத்தார் ஒருவருக்கும் எதிராகப் பெருந்தொகை இழப்பீடு விதித்தது.

தாம் ஊதியம் பெறாத தொண்டர், நம்பிக்கையால் செய்ததேயன்றி வஞ்சத்தால் செய்ததன்று என்பது நெல்சனின் நிலை. தாம் நம்பவைக்கப்பட்டோம் என்பது குடும்பங்களின் நிலை. அன்றாடப் பணம் கேட்டு நடத்தும் காவல் நெடிது நில்லாது என்ற பாடத்தை இயக்கத்தார் யாவரும் கற்றனர். அதன்பின் ஆயுள் காப்பீட்டின் வழி மொத்தத் தொகையை முன்னரே பெற்று, அதன் வருவாயில் காப்பது வழக்கமாயிற்று. தமிழ்க் கோயில்களில் நந்தாவிளக்கு எரியச் சோழர் காலத்தார் ஆடுகளைக் கொடுத்து, அவற்றின் நெய்யால் விளக்கு என்றும் எரியச் செய்த முறையை இஃது ஒத்தது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் அவற்றைக் கூறும். சாவாமை ஆட்டுக்கு இல்லை; அறக்கட்டளையின் ஒழுங்குக்கே உண்டு.

அருந்ததியின் பெயரால்

நெல்சனின் சங்கத்தில் உறுப்பினராயிருந்த ஃப்ரெட் சேம்பர்லின், லிண்டா இணையர் அதன் போக்கில் ஐயுற்று விலகி, 1972இல் ஆல்கோரைத் தொடங்கினர். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டனை ஒட்டி மங்கலாக ஒளிரும் அருந்ததி மீனுக்கு மேலைநாட்டார் வழங்கும் பெயர் ஆல்கோர். கண்ணொளியைச் சோதிக்க அம்மீனைக் காட்டுவது மேலைநாட்டிலும் வழக்கம். மணவறையில் அம்மி மிதித்து அருந்ததி காட்டும் நம் சடங்கும், அருந்ததி காணாதார்க்குச் சாவு அணுகிற்று என்னும் பழைய நம்பிக்கையும் அவ்விணையருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனினும் பெயர் பொருந்திற்று. 2012இல் இறந்த ஃப்ரெட், தாம் மனைவியோடு தொடங்கிய அமைப்பிலேயே காக்கப்படுகிறார்.

மிச்சிகனில் எட்டிங்கரும் நண்பரும் 1976இல் கிரையோனிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். 1977இல் அதன் முதல் 'நோயாளி' ஆனவர் எட்டிங்கரின் தாயார் ரியா. அவ்வியக்கத்தார் இறந்தோரைப் பிணம் என்னார், நோயாளி என்பர். எட்டிங்கரின் இரு மனைவியரும் பின்னர் அங்கே சேர்ந்தனர். 2011இல் தம் 92ஆம் வயதில் இறந்த எட்டிங்கர் 106ஆவது நோயாளியாக அவர்களோடு சேர்ந்தார்.

இவ்விரு நிறுவனங்களும் ஏறத்தாழ அரை நூற்றாண்டாக எதிரெதிர் நின்றவை. பிணக்கு இரண்டு. முதலாவது, தலையா உடலா என்பது. நினைவும் ஆளுமையும் மூளையில் இருப்பதால் தலையை மட்டும் காத்தால் போதும், எதிர்காலம் உடலை ஆக்கிக்கொள்ளும் என்பது ஆல்கோர் ஏற்ற வழிகளுள் ஒன்று. மிச்சிகன் நிறுவனமோ முழு உடலையன்றிக் காக்க மறுத்தது. தலையை வெட்டும் செய்தி உலகை அருவருக்கச் செய்து இயக்கத்தையே கெடுக்கும் என்று ஒரு சாரார் அஞ்சினர். உயிர் எங்கே உறைகிறது என்ற தத்துவ வினா, கலத்தின் அளவும் கட்டணமும் பற்றிய நடைமுறைச் சண்டையாக வடிவெடுத்தது.

இரண்டாவது, விலை. மிச்சிகனில் முழுவுடலுக்கு 28,000 டாலர். ஆல்கோரில் 2,00,000 டாலருக்கும் மேல். மலிவானது குறையுடையது என்றார் ஒரு சாரார். விலையுயர்ந்தது செல்வர்க்கே உரியது என்றார் மறுசாரார். இன்று இவ்விரு நிறுவனங்களும் தனித்தனியே இருநூற்றுக்கு மேற்பட்டோரைக் காத்து வருகின்றன. எவர் வழி சரி என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி எழுந்து வரும் நோயாளி. அச்சாட்சி இன்னும் வரவில்லை. தீர்ப்புச் சொல்லும் நாள் இல்லாத வழக்கு, வாய்ச்சண்டையாகவே நீளும்.

புறத்தார் பகை

உட்பகைக்குப் புறப்பகையும் துணை செய்தது. 1964இல் தோன்றிய குளிருயிரியல் அறிஞர் கழகம், இறந்தோர் உடலை உறையவைக்கும் செயலில் ஈடுபடுவோருக்கு உறுப்பினர் தகுதி மறுக்கலாம் என 1982இல் விதி வகுத்தது. தம் ஆய்வு போலி அறிவியலோடு சேர்த்துப் பேசப்படும் என்ற அச்சம் அவர்களுடையது. கதவு அடைபட்ட பின் உறைகாப்பாளர் தமக்குள்ளேயே ஆய்வு, தமக்குள்ளேயே தணிக்கை என ஒதுங்கினர். வெளியார் தீர்ப்பு இல்லாத வீட்டில் உள்வீட்டு வழக்கு பெருகுவது இயல்பு.

1987 டிசம்பரில் சால் கென்டின் தாயார் டோரா கென்ட், கலிபோர்னியாவில் ஆல்கோர் வளாகத்தில் இறந்து தலை மட்டும் காக்கப்பட்டார். உறையவைக்கும் பணி தொடங்கியபோது அவர் உண்மையில் இறந்திருந்தாரா என்று மரண விசாரணை அதிகாரி ஐயுற்றார். தலையை ஒப்படைக்குமாறு கேட்டுக் காவலர் வளாகத்தைச் சோதித்தனர். உறுப்பினர் அதனை மறைத்து வைத்தனர். உருக்கி ஆராய்வதைத் தடுக்கும் ஆணை நீதிமன்றத்தில் கிடைத்தது. குற்றச்சாட்டு எதுவும் நிலைக்கவில்லை. அமைச்சர் ஆணைக்கு அஞ்சிக் குகையில் குருவின் உடலை மறைத்த சீடர் கதை இங்கே எழுத்துக்கெழுத்து நிகழ்ந்தது. அந்நாட்களில் உறுப்பினரிடையே இருந்த ஒற்றுமை அதற்கு முன்னும் பின்னும் காணப்படாதது.

1993: வீடு பிளந்தது

புறப்பகை தணிந்ததும் உட்பகை மூண்டது. ஆல்கோரின் ஆட்சிக்குழு தன் உறுப்பினரைத் தானே தேர்ந்துகொள்வது. கட்டணம் செலுத்தும் உறுப்பினருக்கு வாக்குரிமை இல்லை. பொதுமக்கள் வாக்கில் நோயாளிகளின் நலன் அடிபட்டுவிடும், எழுந்து வாக்களிக்க இயலாதவருக்காகவே இவ்வமைப்பு என்பது ஒரு நியாயம். தன்னைத் தானே தேர்ந்துகொள்ளும் குழு தவறு செய்தால் தட்டிக்கேட்பார் யார் என்பது மறு நியாயம். இரண்டும் நியாயமே. அதனாலேயே பிளவு ஆழமாயிற்று.

பணச் செலவு, இடமாற்றம், மருத்துவப் பணியின் தரம் ஆகியவை பற்றிய மனக்கசப்புகளும் சேர, 1993இல் ஒரு பிரிவினர் வெளியேறிக் கிரையோகேர் என்ற அமைப்பைக் கண்டனர். உறையவைப்பது ஒரு நிறுவனம், கலத்தில் காப்பது மற்றொரு நிறுவனம், உறுப்பினரோடு உடன்பாடு செய்வது மூன்றாவது என அதிகாரத்தை மூன்றாகப் பகுத்தனர். ஆல்கோரின் முன்னாள் தலைவரும் அத்துறையின் கைதேர்ந்த வல்லுநருமான மைக் டார்வின் உறையவைக்கும் பணியை ஏற்றார். தாளில் எழுதிப் பார்த்தால் குறையற்ற அமைப்பு. ஆனால் மூன்று கால்களில் ஒன்று விலகினாலும் முக்காலி நில்லாது. பணி செய்வோர் தமக்குள் உடன்படிக்கையைப் புதுப்பிக்க இயலாமல், 1999 வாக்கில் கிரையோகேர் செயலிழந்தது. அதன் காவலில் இருந்தோர் வேறு காவலுக்கு மாற வேண்டியதாயிற்று. ஆல்கோரோ 1994இல் அரிசோனா மாநிலத்தின் ஸ்காட்ஸ்டேலுக்குப் பெயர்ந்து, குறைகளோடு நிலைபெற்றது.

பிரிந்தோரால் பயனே இல்லையெனல் பிழை. ஒரு சாரார் முயன்ற புதுமுறைகளை மறுசாரார் பின்னர்த் தாமும் ஏற்றனர். போட்டி தரத்தை உயர்த்திற்று. கணக்குகளை வெளியிடச் செய்தது. நஷ்டம் என்னவெனில், ஆளும் பணமும் குறைந்த ஓர் இயக்கத்தின் தேர்ந்த கைகள் சில, ஒன்றையொன்று மறுப்பதிலேயே வயதாயின.

கல்லறை என்று ஒரு பெயர்

2002இல் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் இறந்தபோது அவர் உடலை ஆல்கோரில் வைப்பதா எரிப்பதா என்று மக்களிடையே வழக்கு எழுந்தது. அதனால் எழுந்த பரபரப்பில் அரசுகளின் பார்வை உறைகாப்பின்மீது திரும்பிற்று. 2003இல் மிச்சிகன் மாநிலம் எட்டிங்கரின் நிறுவனத்தை நிறுத்திவைத்தது. இது மருத்துவமனையா, சவச்சாலையா, கிடங்கா? எந்தச் சட்டத்தின் கீழ் வரும்? 2004இல் ஏற்பட்ட முடிவின்படி அது கல்லறைத் தோட்டம் எனப் பதிவாயிற்று. சாவை ஒப்பாதவர், தம் காவல் தொடர்வதற்காகச் சாவின் பெயர்ப்பலகையை ஏற்றனர். பெயரை விட்டுக்கொடுத்துப் பொருளைக் காத்த அச்செயலில் ஒரு முதிர்ச்சி உண்டு. முந்தைய சண்டைகள் பலவற்றில் இல்லாதது அது.

மாஸ்கோவில் சாய்ந்த கலங்கள்

முதிர்ச்சி எங்கும் வாய்க்கவில்லை. 2005இல் ரஷ்யாவில் தோன்றிய கிரியோரஸ், அமெரிக்காவிற்கு வெளியே கலங்களோடு இயங்கிய பெரிய அமைப்பு. அதனைத் தொடங்கியோருள் டனிலா மெத்வெதேவ், வலேரியா உதலோவா இருவரும் கணவன் மனைவியாயிருந்து பிரிந்தவர்கள். நிறுவனம் யாருடையது என்ற பிணக்கு மூண்டது. 2021 செப்டம்பரில் உதலோவாவின் தரப்பினர் மாஸ்கோவையடுத்த வளாகத்துக்குள் புகுந்து, சுவரை அறுத்து, உடல்களோடு பெருங்கலங்களை லாரியில் ஏற்றிச் சென்றனர். கலங்கள் சாய்ந்து நைட்ரஜன் வெண்புகையாக வழிந்தது. காவல்துறை வழியில் தடுத்தது. உடல்கள் தம் பொறுப்பிலுள்ளவை என்று இரு தரப்பும் உரைத்தன.

அக்கலங்களுள் இருந்தோர் எவரும் எத்தரப்பையும் தேர்ந்ததில்லை. தம்மை இருவரும் சேர்ந்து காப்பர் என்று நம்பிப் பணம் கொடுத்தவர் அவர்கள். வாயில்லாதோரை முன்னிட்டுப் போரிடுவோர், அவர்களையே சாய்த்துவிட்டுப் போரிடும் காட்சி அங்கே கண்கூடாயிற்று.

ஏடுகள் தந்த பாடம்

இவ்வரலாற்றை மேலைநாட்டார் சிலரின் விந்தையென்று தள்ளிவிடுதல் எளிது. தமிழ்க் கவிஞருக்கு அவ்வாறு தள்ள உரிமை இல்லை. எதிர்காலத்தார் வந்து எழுப்புவர் என்ற நம்பிக்கையில் ஒன்றை விட்டுச்செல்லுதல்தானே எழுத்தும்? சங்கப் பாட்டைப் பாடியோரும் அதனைச் செய்தனர். அவர் நம்பிக்கை பலித்தது.

பலித்தமைக்குக் காரணம் பனையோலையின் வலிமையன்று. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் தின்னும். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் பழைய ஏட்டை முன்வைத்துப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினார். அவருக்குப் பாட்டின் பொருள் முழுதும் விளங்கியிருக்க வேண்டியதில்லை. சமயத்தால் மாறுபட்ட நூலாயினும் எழுதிவைத்தார். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைச் சைவரான உ.வே.சாமிநாதையர் 1887இல் பதிப்பித்ததும், அதற்குரிய பொருளைச் சமண அன்பர்களிடம் கேட்டுக் கற்றதும், 1894இல் புறநானூற்றை வெளிக்கொணர்ந்ததும் அப்பெயர்த்தெழுதும் மரபின் கடைசிக் கண்ணிகள். பெயர்த்தெழுத ஆளில்லாத ஏடுகள் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. எத்தனை போயின என்று சொல்வார் இல்லை.

உறைகாப்புச் சங்கங்களின் கதையையும் இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் வேண்டும். பெட்போர்டைக் காத்தது அறிவியலின் வெற்றி என்று கூற இயலாது. அவரை உறையவைத்த முறை இன்றைய நோக்கில் மிகத் தாழ்ந்தது. கிடங்கில் குனிந்து நைட்ரஜன் ஊற்றிய மகனும், அவருக்குப்பின் ஊற்ற முன்வந்தோரும் காத்தனர். சாட்ஸ்வொர்த்தில் ஒன்பது பேரை அழித்தது குளிரின் தோல்வியன்று. ஊற்றும் கை ஓய்ந்ததும், ஓய்ந்ததை உரைக்க நா எழாததும் அழித்தன. எழுவரோ எழாரோ என்ற வினாவிற்கு விடை எவ்வாறாயினும் இவ்வுண்மை மாறாது. சேர்ந்து காப்பதாகச் சொல் கொடுத்தவர் பிரிய நேரலாம். பிரிகையிலும் கலத்தைச் சாய்க்காமல் பிரியத் தெரிந்திருக்க வேண்டும். குறையை மறைக்காமல் அவையில் உரைக்கும் துணிவும், நாளை நிரப்புவதற்கு இன்றே ஒருவரைப் பழக்கிவைக்கும் முன்னோக்கும் வேண்டும்.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைதல் சிறிய செய்தியாகத் தோன்றலாம். பத்தாண்டுக்குள் முறிந்த சங்கங்களின் பட்டியலைக் கண்டோருக்கு அது சிறிதாகத் தோன்றாது. மாதந்தோறும் கூட்ட அறிவிப்பை எழுதியவர், நாற்காலி போட்டவர், கருத்து வேறுபட்டும் அடுத்த கூட்டத்திற்கு வந்தவர், வராதவரின் கவிதையை எடுத்து வாசித்தவர் ஆகியோரே நைட்ரஜன் ஊற்றியோர். பழவேற்காட்டுக் கல்லறைகளில் பெயர்கள் இன்றும் படிக்கும் நிலையில் உள்ளன. அவற்றை வெட்டிய சிற்பியின் பெயரும், இத்தனை காலம் முள்ளை அகற்றி வந்தோர் பெயரும் எக்கல்லிலும் இல்லை.